சாரல் நாளில் வீட்டுக்குள் துணி காயப்போடுகிறீர்களா?

ஆனி, ஆடியில் செங்கோட்டை, புளியரைப் பக்கம் மொட்டைமாடிக் கொடிக்கு வேலையே இல்லை. ஆரியங்காவு கணவாய் வழியே வரும் சாரல் விட்டால்தானே! துணியெல்லாம் வீட்டுக்குள்தான்.

வாஷிங் மெஷினில் இன்னொரு தடவை ஸ்பின் மட்டும் ஓடவிடுங்கள். அப்புறம் ஜன்னலைக் கொஞ்சம் திறந்துவைத்தால் ஃபேன் காற்றே போதும். டேபிள் ஃபேன் மட்டும் சொட்டுகிற துணிக்கு அடியில் இருக்கக் கூடாது. துண்டு, முந்தானை அதன் பின்பக்க வலையில் ஒட்டிக்கொண்டால் மோட்டார் சூடேறும்.

பயப்பட வேண்டியது ரூம் ஹீட்டருக்குத்தான். அதன்மேல் துணியைப் போடவே கூடாது, மூன்றடியாவது தள்ளியிருக்கட்டும். 2000 வாட் ஹீட்டர் 230 வோல்ட்டில் கிட்டத்தட்ட 9 ஆம்பியர் இழுக்கும். டிவி பக்கத்தில் கிடக்கும் எக்ஸ்டென்ஷன் பாக்ஸோ பெரும்பாலும் 6 ஆம்பியர்தான் தாங்கும். பிளக் சூடாகி, பிளாஸ்டிக் தீய்கிற வாடை வரும். சுவரில் இருக்கும் 16 ஆம்பியர் பெரிய பாயின்ட்டில் நேரடியாக மாட்டுங்கள். படுக்கப் போகும்முன் கட்டாயம் அணைத்துவிடுங்கள்.

பிள்ளைகளின் சாக்ஸுக்குள் ஹேர் டிரையரைச் செருகும் வித்தை வேண்டாம். காற்று வெளியேற வழியில்லாமல் அதுவே கருகும். ஈரக்கையோடு இஸ்திரிப் பெட்டி பிளக்கைத் தொடுவதும் அப்படித்தான், வேண்டாம்.

மெயின் போர்டில் 30 மில்லி ஆம்பியர் ஆர்சிசிபி (மின்கசிவு வந்தால் தானாகவே கரண்ட்டைத் துண்டிக்கும் சுவிட்ச்) இருந்தால், அதிலுள்ள டெஸ்ட் பட்டனை மழைக்கு முன்பே அழுத்திப் பாருங்கள். டப்பென்று விழ வேண்டும். விழாவிட்டால் எலக்ட்ரீசியனைக் கூப்பிட்டு மாற்றச் சொல்லுங்கள்.