முதல் முறை ஆர்வி எடுப்பவர்கள் தவிர்க்க வேண்டிய தவறுகள்

அமெரிக்காவில் கோடை விடுமுறைக்கு ஆர்வியை, அதாவது படுக்கை, சமையலறை, கழிப்பறை எல்லாம் உள்ள வீட்டு வண்டியை, வாடகைக்கு எடுக்கும் குடும்பங்களுக்குக் கிடைப்பது பெரும்பாலும் 25 முதல் 30 அடி நீளமுள்ள கிளாஸ் சி வண்டிதான். ஓட்டுபவர் தலைக்கு மேலே ஒரு படுக்கை துருத்திக்கொண்டு நிற்குமே, அந்த வகை. சாதாரண கார் லைசென்ஸே போதும் என்பதால், பெரிய வேன் ஓட்டுவதுபோலத்தானே என்ற துணிச்சல் வந்துவிடுகிறது. ஓட்டும்போது செய்யும் தவறுகள் எண்ணிக்கையில் குறைவு, செலவில் பெரியவை. வண்டியை நிறுத்திய பிறகு செய்பவை அதைவிடப் பல. வீட்டில் மின்வாரியமும் குடிநீர் வாரியமும் கழிவுநீர்க்காரர்களும் பார்த்துக்கொள்ளும் வேலை முழுக்க இங்கே உங்கள் தலையில் விழுகிறது.

சாவி வாங்கும்போதே தவறு தொடங்கிவிடுகிறது. வாடகை நிலைய ஊழியர் வேகமாக ஒரு சுற்றுச் சுற்றிக் காட்டுவார், நாமும் தலையாட்டிவிட்டுக் கிளம்பிவிடுவோம். போனில் முழுவதையும் வீடியோ எடுத்துக்கொள்ளுங்கள். ஜெனரேட்டர், ஏசி, வண்டியைச் சூடாக்கும் ஃபர்னஸ், வாட்டர் ஹீட்டர், ஃப்ரிட்ஜ் ஒவ்வொன்றையும் கண் முன்னால் ஓடவிட்டுப் பாருங்கள். கூரையையும் வெளிப்பக்கம் விரியும் துணிப்பந்தலான ஆனிங்கையும் படம் எடுத்து வையுங்கள், ஏனென்றால் பல வாடகைக் காப்பீடுகள் கூரைச் சேதத்தையும் ஆனிங்கையும் ஏற்பதில்லை. சொந்தக் கார் காப்பீடும் கிரெடிட் கார்டு தரும் வாடகைக் கார் காப்பீடும் ஆர்விக்குச் செல்லும் என்று நினைக்க வேண்டாம், பெரும்பாலும் செல்லாது.

சாலையில்

கூரை ஏசியையும் சேர்த்தால் உயரம் பெரும்பாலும் 11 அடிக்குக் குறையாது, 12 அடியையும் எட்டும். கூகுள் மேப்ஸுக்கு அது தெரியாது. சரியான உயரத்தையும் நீளத்தையும் ஒரு சீட்டில் எழுதி ஸ்டியரிங் பக்கத்தில் ஒட்டிவிடுங்கள். வண்டி உயரத்தைப் பதிந்துகொள்ளும் ஆர்வி வழிகாட்டிச் செயலியைப் பயன்படுத்துங்கள். கனெக்டிகட்டின் மெரிட் பார்க்வேயில் பாலங்கள் தாழ்வு, அங்கே ஆர்விக்கு அனுமதியே இல்லை. கிளேசியர் தேசியப் பூங்காவின் கோயிங்-டு-த-சன் சாலையில் அவலாஞ்ச் கிரீக் முதல் ரைசிங் சன் வரையிலான மலைப்பகுதிக்குள் 21 அடிக்கு மேல் நீளமோ, கண்ணாடிகளையும் சேர்த்து 8 அடிக்கு மேல் அகலமோ உள்ள வண்டி போக முடியாது. உள்ளே போன பிறகு தெரிந்தால் திருப்புவதற்குள் உயிர் போய்விடும். பால்டிமோர் ஹார்பர் சுரங்கப்பாதை போன்ற சில சுரங்கங்களில் வண்டியில் இருக்கும் புரொப்பேன் எரிவாயு சிலிண்டருக்குக் கட்டுப்பாடு உண்டு, சுற்றுவழியை முன்பே பார்த்து வைத்துக்கொள்ள வேண்டும்.

பெட்ரோல் பங்குதான் அதிகம் பேர் வண்டியை உரசும் இடம். பின் சக்கரத்துக்குப் பின்னால் வண்டி பல அடி நீண்டிருக்கிறது. நீங்கள் இடதுபுறம் ஒடித்தால் வால் வலதுபுறம் வீசும். பம்ப் பக்கத்துத் தூண் அங்கேதான் நிற்கும். ஓரத்தில் உள்ள பம்பைத் தேர்ந்தெடுங்கள், பங்கின் கூரை உயரத்தைப் பாருங்கள், கிளம்பும்போது பின் முனை தூணைத் தாண்டும்வரை நேராகவே வந்து பிறகு ஒடியுங்கள். பங்குக்குள் நுழையும் முன் ஃப்ரிட்ஜ், வாட்டர் ஹீட்டர் இரண்டின் புரொப்பேன் சுடரும் அணைந்திருக்க வேண்டும்.

மலை இறக்கத்தில் பிரேக் மேல் காலை வைத்தபடியே வருவது அடுத்தது. ஃபோர்டு இ-450 அடிச்சட்டத்தில் கட்டிய வண்டி முழுப் பாரத்தோடு 14,500 பவுண்டு, அதாவது ஆறரை டன் வரை இருக்கும். நீண்ட இறக்கத்தில் பிரேக் சூடேறிப் பிடிப்பை இழக்கும். கருகல் வாடை வந்தால் ஏற்கெனவே தாமதம். இறக்கம் தொடங்கும் முன்பே வேகத்தைக் குறையுங்கள், கியர் கம்பியின் நுனியில் உள்ள டோ/ஹால் பொத்தானை அழுத்துங்கள், எஞ்சின் வண்டியை இழுத்துப் பிடிக்கட்டும். பிரேக்கை விட்டு விட்டு அழுத்தினால் போதும்.

மின்சாரம்: கூட்டல் கணக்கு தெரிந்தால் போதும்

பெரும்பாலான வாடகை வண்டிகளுக்கு 30 ஆம்ப் இணைப்புதான். 120 வோல்ட்டில் அது 3,600 வாட். ஒரு காலை நேரத்தை எடுத்துக்கொள்ளுங்கள். 13,500 பிடியு (குளிரூட்டும் திறனின் அளவு) ஏசி ஓடிக்கொண்டிருக்கிறது, அது 12 முதல் 15 ஆம்ப் இழுக்கும். வாட்டர் ஹீட்டர் மின்சாரத்தில் இருந்தால் இன்னொரு 12. இதற்கே வரம்பைத் தொட்டாயிற்று. இதற்கு மேல் இன்ஸ்டன்ட் பாட் மின்குக்கரில் சாதம் வைத்தால் 8 ஆம்ப், குளித்து வந்தவர் ஹேர் டிரையரைப் போட்டால் 12. பிரேக்கர் விழுந்து எல்லாம் அணைந்துவிடும். வாட்டர் ஹீட்டரைப் புரொப்பேனுக்கு மாற்றிவிட்டாலே பாதிப் பிரச்சினை தீரும். சமைக்கும் அரை மணி நேரம் ஏசியை நிறுத்தினால் மீதியும் தீரும். ஊரிலிருந்து கொண்டுவந்த 230 வோல்ட் மிக்ஸி இங்கே ஓடாது. சட்னி, தேங்காய் விழுதை வீட்டிலேயே அரைத்து உறையவைத்து எடுத்துச் செல்லுங்கள்.

ஆர்விகளை நிறுத்தித் தங்கும் கேம்ப்கிரவுண்டில் உள்ள மின்கம்பப் பெட்டிக்குப் பெடஸ்டல் என்று பெயர். பிரேக்கர் ஆனில் இருக்கும்போதே செருகுவதும் பிடுங்குவதும் பலருடைய பழக்கம். தீப்பொறி பறந்து ஊசிகள் கருகும், அடுத்து வருபவருக்குத் தளர்ந்த இணைப்புதான் கிடைக்கும். செருகும் துளைகள் கருத்திருந்தாலோ உருகியிருந்தாலோ வேறு இடம் கேளுங்கள். பிரேக்கரை அணைத்து, சர்ஜ் பாதுகாப்புக் கருவியை முதலில் செருகி, பிரேக்கரைப் போட்டு அதன் விளக்குகள் சரியாக இருக்கின்றனவா என்று பார்த்து, திரும்ப அணைத்து, பிறகு வண்டியின் கேபிளை இணைத்துப் போட வேண்டும். கூட்டமான கோடை மாலையில் எல்லா ஏசியும் ஓடும்போது மின்னழுத்தம் சரியும். 104 வோல்ட்டுக்குக் கீழே போனால் ஏசியின் கம்ப்ரஸர் அடிபடும். நல்ல சர்ஜ் கருவி அந்த நேரத்தில் தானே துண்டித்துவிடும்.

இணைப்பு இல்லாத இடத்தில் பிளக் பாயின்ட் வேலை செய்யவில்லை என்று வாடகை நிலையத்துக்கு போன் போடுபவர்கள் உண்டு. இன்வெர்ட்டர் இல்லாத வண்டியில் பேட்டரி மின்சாரம் விளக்கு, தண்ணீர் பம்ப், ஃபர்னஸ் விசிறி ஆகியவற்றுக்கு மட்டும்தான். ஈய அமில பேட்டரி 12.7 வோல்ட் காட்டினால் முழுசு, 12.1 காட்டினால் பாதி, அதற்குக் கீழே விடக் கூடாது. ஃபர்னஸ் புரொப்பேனில் எரிந்தாலும் அதன் விசிறி 7, 8 ஆம்ப் தின்னும். மாலை முழுக்க விளக்கெரித்துவிட்டுப் படுத்தால் விடியற்காலை மூன்று மணிக்குக் குளிரில் எழ வேண்டியதுதான். குளிருக்காக அடுப்பை எரியவிட்டுத் தூங்குவது மட்டும் கூடவே கூடாது, கார்பன் மோனாக்சைடு ஆளைக் கொன்றுவிடும். அலாரம் கத்துகிறதென்று அதன் பேட்டரியைக் கழற்றுவதும் அதே கதைதான்.

ஜெனரேட்டர் இருக்கிறதே என்றால், அதற்கான எரிபொருள் குழாய் பிரதான டேங்கின் கால் பங்கு அளவுக்கு மேலேதான் உறிஞ்சும், கீழே போனால் நின்றுவிடும். நீங்கள் திரும்பிப் போகப் பெட்ரோல் மிஞ்ச வேண்டும் என்பதற்காகவே அந்த அமைப்பு. யோசெமிட்டியில் காலை 7–9, பகல் 12–2, மாலை 5–7 மட்டுமே ஓட்டலாம். அந்தப் பூங்காவின் கேம்ப்கிரவுண்டுகளில் ஹுக்கப்பே (மின்சாரம், தண்ணீர், கழிவுநீர் இணைப்பு) கிடையாது. யெல்லோஸ்டோனுக்குள் ஹுக்கப் உள்ள ஒரே இடம் ஃபிஷிங் பிரிட்ஜ். இடம் பதியும்போது வண்டியின் நீளத்தைக் கூட்டியோ குறைத்தோ சொல்ல வேண்டாம். 25 அடி இடத்தில் 30 அடி வண்டி நிற்காது.

தண்ணீர் வரும் துளை எது?

வண்டியின் பக்கவாட்டில் ஒன்றுபோலவே இரண்டு துளைகள் இருக்கும். ஒன்று குழாய்த் தண்ணீருக்கு, மற்றொன்று கழிப்பறை டேங்கைக் கழுவ. மாற்றிச் செருகித் தண்ணீரைத் திறந்துவிட்டு உள்ளே போய் உட்கார்ந்தால், பிளாக் டேங்க் எனப்படும் அந்தக் கழிப்பறை டேங்க் நிரம்பிக் கழிப்பறை வழியாகவோ கூரைக் குழாய் வழியாகவோ வெளியே வரும். எழுத்தை வாய்விட்டுப் படித்துவிட்டுச் செருகுங்கள்.

சில கேம்ப்கிரவுண்டுகளில் குழாய் அழுத்தம் 80 பிஎஸ்ஐக்கு மேல் இருக்கும். வண்டிக்குள் இருக்கும் பிளாஸ்டிக் இணைப்புகளுக்கு 40 முதல் 60 தான் நல்லது. சிறு பித்தளை ரெகுலேட்டரைக் குழாய்ப் பக்கமே மாட்டுங்கள், அப்போதுதான் ஹோஸும் பிழைக்கும். குடிதண்ணீர் ஹோஸ் பெரும்பாலும் வெள்ளை நிறம். கழிவு இடத்தில் இருக்கும் பொதுக் குழாய் ஹோஸை அதோடு சேர்க்கவே கூடாது. வாட்டர் ஹீட்டரில் தண்ணீர் நிரம்பியதா என்று சமையலறைச் சுடுநீர்க் குழாயைத் திறந்து பாருங்கள். தண்ணீர் சீராக வந்த பிறகே மின்சாரத்தைப் போட வேண்டும், காலியாகப் போட்டால் சூடேற்றும் கம்பிச்சுருள் சில நிமிடங்களில் எரிந்துவிடும்.

நம் சமையலும் கிரே டேங்கும்

பாத்திரம் கழுவும் தொட்டித் தண்ணீரும் குளியல் தண்ணீரும் போய்ச் சேரும் கிரே டேங்க் பிளாக் டேங்கைவிடச் சீக்கிரம் நிரம்பும். நிரம்பினால் முதலில் எதிர்த்து ஏறுவது குளியலறைத் தரையில்தான். ரசம் வடிந்த தண்ணீர், கறிவேப்பிலை, கடுகு, சோற்றுப் பருக்கையோடு கணுக்காலைத் தொடும். தாளிப்பு எண்ணெய் டேங்கின் சுவரில் ஒட்டிக்கொண்டு இரண்டாம் நாளே நாறத் தொடங்கும், அளவு காட்டும் சென்ஸாரும் பொய் சொல்லும். தட்டையும் கடாயையும் பேப்பர் டவலால் நன்றாகத் துடைத்துக் குப்பையில் போட்ட பிறகே கழுவுங்கள். தேயிலைத் தூள், அரிசி களைந்த நீர் எதுவும் வடிகட்டாமல் உள்ளே போகக் கூடாது. குழம்பை வீட்டிலேயே செய்து உறையவைத்துக் கொண்டுபோவதே புத்திசாலித்தனம்.

கழிப்பறை விஷயத்தில் மிகப் பரவலான தவறு, முழு ஹுக்கப் கிடைத்த இடத்தில் பிளாக் வால்வைத் திறந்தே வைப்பது. தண்ணீர் மட்டும் ஓடிவிடும், திடக்கழிவு தங்கிக் காய்ந்து குன்றாக நிற்கும். அதைக் கரைக்க ஆள் வைத்தால் தனிச் செலவு. வால்வை மூடியே வையுங்கள், மூன்றில் இரண்டு பங்கு நிரம்பிய பிறகே திறங்கள். நம்மவர்கள் தண்ணீர் ஊற்றிக் கழுவும் வழக்கம் இந்த டேங்குக்கு நல்லதுதான், காகிதத்தைக் குறைத்துத் தண்ணீரைக் கூட்டுகிறது. ஈரத் துடைப்பான் மட்டும் வேண்டாம், உறையில் ஃப்ளஷ் செய்யலாம் என்று போட்டிருந்தாலும் சரி.

காலி செய்யும்போது கையுறை போட்டு, ஹோஸின் இரு முனையும் பூட்டியதை இழுத்துப் பாருங்கள். பிளாக்கை முதலில் திறந்து ஓட்டம் நிற்கும்வரை விட்டு மூடுங்கள். அடுத்து கிரே, அந்தச் சோப்புத் தண்ணீர் ஹோஸைக் கழுவிவிடும். பிறகு கழிப்பறை வழியாக இரண்டு மூன்று கேலன் தண்ணீரும் டேங்க் மருந்தும் ஊற்றிவிட வேண்டும், இந்த அடித் தண்ணீரைத்தான் பலர் மறக்கிறார்கள். இன்னொன்று: கூரை விசிறி ஓடும்போது ஃப்ளஷ் செய்தால் டேங்கின் நாற்றம் வண்டிக்குள் ஏறும்.

கிளம்பும் நேரம்

புரொப்பேனில் ஓடும் வகை ஃப்ரிட்ஜ் குளிர ஏழெட்டு மணி நேரத்துக்கு மேல் ஆகும், அதனால் முந்தின நாளே போட்டு வைக்க வேண்டும். வண்டி சரிவாக நின்றால் அது குளிராது, பழுதாகவும் கூடும். தோசை மாவை முக்கால் பாத்திரத்துக்கு மேல் நிரப்ப வேண்டாம், வெயிலில் புளித்து மூடியைத் தள்ளிக்கொண்டு ஃப்ரிட்ஜ் முழுக்க வழியும்.

ஆனிங்கை விரித்துவிட்டுத் தூங்கப் போகாதீர்கள். இரவில் ஒரு காற்று போதும், கம்பியோடு கூரைக்கு மேல் புரட்டிவிடும். வண்டியின் பக்கவாட்டில் நீளும் அறைப்பகுதியான ஸ்லைடு-அவுட்டை நீட்டும் முன் வெளியே ஒருவர் நின்று மரத்தையும் பெடஸ்டலையும் பார்க்கட்டும். புறப்படும்போது ஒரே ஆள் எப்போதும் ஒரே திசையில் வண்டியைச் சுற்றி வர வேண்டும்: மின்கேபிள், தண்ணீர் ஹோஸ், கழிவு ஹோஸ், படிக்கட்டு, ஆன்டெனா, கூரை ஜன்னல், சக்கரத் தடுப்புகள், கடைசியாகப் புரொப்பேன் வால்வு. நடுவில் யாராவது கூப்பிட்டால் முதலிலிருந்து சுற்றுங்கள். திருப்பிக் கொடுக்கும் நாளில் டேங்குகள் காலியாகவும் பெட்ரோல் எடுத்த அளவிலும் இருக்க வேண்டும், ஜெனரேட்டர் மீட்டரில் ஓடிய மணிக்குத் தனிக் கட்டணம் வரும். வழியில் டேங்குகளைக் காலி செய்யும் கடைசி டம்ப் ஸ்டேஷன் எங்கே என்று முந்தின இரவே பார்த்து வைத்துக்கொள்ளுங்கள்.