பிள்ளைகளின் விளையாட்டில் பெரியவர்கள் செய்யும் தவறுகள்

சின்ன வயதிலேயே ஒரே விளையாட்டைக் கெட்டியாகப் பிடித்துக்கொண்டால்தான் பெரிய ஆளாக வர முடியும் என்று நம்பாத பெற்றோர் குறைவு. பிள்ளைகளுக்கு அதிகக் கேடு செய்யும் நம்பிக்கையும் இதுதான். டைகர் உட்ஸ் இரண்டு வயதில் கோல்ஃப் மட்டையோடு தொலைக்காட்சியில் தோன்றிய கதையை எல்லோரும் சொல்வார்கள். ரோஜர் ஃபெடரர் கால்பந்து, கூடைப்பந்து, பேட்மின்டன் என்று எல்லாவற்றையும் ஆடிப் பார்த்துவிட்டு, பன்னிரண்டு வயதை ஒட்டித்தான் டென்னிஸே போதும் என்று முடிவெடுத்தது பேச்சில் வருவதே இல்லை.

ஜிம்னாஸ்டிக்ஸ் மாதிரி சிலவற்றுக்கு முன்கூட்டியே தொடங்க வேண்டியிருக்கலாம். மற்றபடி பெரும்பாலான விளையாட்டுகளில், இது ஒன்றே போதும் என்று முடிவெடுக்க 15, 16 வயதுவரை பொறுக்கலாம் என்பது அமெரிக்கக் குழந்தைநல மருத்துவர்கள் கழகம் 2016-இல் வெளியிட்ட அறிக்கையின் அறிவுரை. வாரத்தில் ஒன்றிரண்டு நாள் ஓய்வு வேண்டும். ஆண்டில் மொத்தம் மூன்று மாதம், ஒவ்வொரு மாதமாகப் பிரித்தாவது, தான் ஆடும் முதன்மை விளையாட்டைப் பிள்ளை விட்டு விலகியிருக்க வேண்டும் என்றும் அது சொல்கிறது. விடுமுறை வந்ததும் கூடுதல் கோச்சிங் சேர்க்கும் பழக்கம் இதற்கு நேர் எதிரானது.

காரணம் உடலில் இருக்கிறது. வளரும் எலும்புகளின் முனைகளை ஒட்டி வளர்ச்சித் தட்டு என்ற குருத்தெலும்புப் பகுதி உண்டு. முற்றிய எலும்பைவிட அது பலவீனமானது. ஒரே அசைவைத் திரும்பத் திரும்பச் செய்தால் சுமை முழுவதும் அதே இடத்தில் விழுகிறது. ஓடிக் குதிக்கும் பிள்ளைகளுக்கு முழங்காலுக்குச் சற்றுக் கீழேயும் குதிகாலிலும் வலி வருவது இப்படித்தான். வேகப்பந்து வீசும் சிறுவர்களுக்குக் கீழ்முதுகு எலும்பில் விரிசல்கூட விழுகிறது. அமெரிக்க பேஸ்பால் வழிகாட்டுதலின்படி 9, 10 வயதுப் பிள்ளை ஒரு நாளில் 75 பந்துக்கு மேல் வீசக் கூடாது. ‘வளர்ற வயசு, வலிக்கத்தான் செய்யும்’ என்று தட்டிக்கழிக்காதீர்கள். பிள்ளை நொண்டினாலோ, ஓய்வெடுத்தும் வலி போகாவிட்டாலோ மருத்துவரிடம் காட்டுங்கள்.

தலையில் அடிபடுவது இன்னும் அவசரமானது. மயங்கி விழுந்தால்தான் ஆபத்து என்று நினைக்கிறோம். மூளையதிர்ச்சி அடைந்த பலரும் மயங்குவதே இல்லை. தலைவலி, குமட்டல், தடுமாற்றம், கேட்டதற்கு மந்தமான பதில், இவற்றில் ஒன்று தெரிந்தாலும் அன்றைக்கு ஆட்டம் முடிந்தது. எவ்வளவு முக்கியமான மேட்ச்சாக இருந்தாலும் சரி, மருத்துவர் பார்க்கும்வரை மறுபடி களமிறக்கக் கூடாது.

எடை தூக்கினால் வளர்த்தி நின்றுவிடும் என்பதற்கு ஆதாரம் இல்லை. சரியான முறையில், விஷயம் தெரிந்தவர் மேற்பார்வையில் செய்தால் நல்லதே. விளையாட்டால் படிப்பு கெடும் என்ற பயமும் அப்படித்தான். 5 முதல் 17 வயதுவரை நாளொன்றுக்குச் சராசரியாக 60 நிமிடமாவது ஓடியாடும் உடலியக்கம் வேண்டும் என்கிறது உலக சுகாதார நிறுவனம்.

பத்து வயதில் அணியில் இடம் கிடைக்காத பிள்ளைக்குத் திறமை இல்லை என்று முடிவுகட்டுவது எனக்குத் தாங்க முடியாத ஒன்று. கனடாவின் ஐஸ் ஹாக்கி வீரர்களைப் பற்றி 1985-இல் வந்த ஆய்வு, ஆண்டின் முதல் மாதங்களில் பிறந்தவர்களே அணிகளில் அதிகம் என்று காட்டியது. வயது வரம்பு ஜனவரி 1-இல் கணக்கிடப்பட்டதால், ஜனவரியில் பிறந்தவன் அதே ஆண்டு டிசம்பரில் பிறந்தவனைவிடக் கிட்டத்தட்ட ஒரு வயது மூத்தவன். அந்த வளர்த்தியைத் திறமை என்று எடுத்துக்கொண்டார்கள். கூடைப்பந்து ஜாம்பவான் மைக்கேல் ஜோர்டானுக்கே பள்ளியின் முதன்மை அணியில் முதல் முயற்சியில் இடம் கிடைக்கவில்லை.

வெற்றிதான் பிள்ளைகளை இழுக்கிறது என்பதும் நம் கற்பனை. எது விளையாட்டை மகிழ்ச்சியாக்குகிறது என்று 2014-இல் அமெரிக்காவில் இளம் கால்பந்து வீரர்களிடம் கேட்டபோது கிடைத்த 81 காரணங்களில் வெற்றிக்கு 48-ஆம் இடம். முழு மூச்சாக முயல்வதும், நல்ல பயிற்சியாளரும், அணியினரின் ஒட்டுறவும் அதற்கு வெகு முன்னால் நின்றன. நார்வேயில் சிறு பிள்ளைகளின் போட்டிகளுக்குத் தரவரிசைப் பட்டியல் போடுவதற்கே கட்டுப்பாடு உண்டு. அதே நாடு 2022 பெய்ஜிங் குளிர்கால ஒலிம்பிக்கில் 16 தங்கம் வென்றது.

ஆகவே பிள்ளை ஒருநாள் ‘இனிமே போக மாட்டேன்’ என்றால் சோம்பேறி என்று திட்டிவிடாதீர்கள். வலிக்கிறதா, கோச் கத்துகிறாரா, ஆடவிடாமல் ஓரத்திலேயே உட்கார வைக்கிறார்களா, கூட ஆடுபவர்கள் கேலி செய்கிறார்களா என்று ஒவ்வொன்றாகக் கேளுங்கள். தோற்றுவிட்டு வரும் வழியில் மட்டும் கேட்காதீர்கள். சாப்பிட்டு, தூங்கி எழுந்த பிறகு கேட்டால் பதில் வரும்.