ஜப்பானுக்குப் பேரிடர் பயிற்சிக்குப் போவது எப்படி? புதிதாக விண்ணப்பிப்பவர்களுக்கு

வெள்ளம், புயல், நிலச்சரிவு என்று ஏதாவது ஒன்றோடு வருடம் தவறாமல் மல்லுக்கட்டும் வேலையில் இருக்கிறீர்களா? வருவாய்த் துறை, பொதுப்பணி, மாநகராட்சி, பிரதேச செயலகம், தீயணைப்பு, எதுவாக இருந்தாலும் சரி. உங்களைப் போன்ற இளம் ஆட்களை ஜப்பான் தன் செலவில் வரவழைத்து, தான் பட்ட அடிகளைக் காட்டி அனுப்புகிறது. இதில் இடம் கிடைப்பதை விட, கிடைத்த பிறகு உருப்படியாக ஒன்றைக் கற்று வருவதுதான் கடினம் என்பது என் கருத்து. அதனால் விண்ணப்பத்தைச் சீக்கிரம் முடித்துவிட்டு மற்றதற்கு வருகிறேன்.

முதல் படி: எந்த வழி உங்களுக்கு?

பெரிய வழி ஜைக்கா, அதாவது ஜப்பான் அரசின் சர்வதேச ஒத்துழைப்பு முகமை. ஆமாம், மதுரை எய்ம்ஸ் செய்திகளில் அடிக்கடி அடிபடும் அதே ஜைக்காதான். அது நடத்தும் பயிற்சிகளில் பேரிடர் தொடர்பானவையும் உண்டு. ஆனால் நீங்களாக இணையத்தில் படிவத்தை நிரப்பி நேராக அனுப்ப முடியாது. பெரும்பாலானவை அரசு ஊழியர்களுக்கானவை, அரசு உங்களைப் பரிந்துரைக்க வேண்டும். இலங்கையில் நிதி அமைச்சின் வெளிநாட்டு வளங்கள் திணைக்களம் வழியாகவும், இந்தியாவில் மத்திய அரசு வழியாகவும் கோப்பு நகரும். நகரும் என்று சொல்வதே கொஞ்சம் தாராளம்தான். சுற்றறிக்கை உங்கள் அலுவலகத்துக்கு வந்து சேரும்போது கடைசி நாள் நெருங்கியிருக்கும், ஆகவே கடவுச்சீட்டு, பட்டச் சான்றிதழ், பணிச் சான்று மூன்றையும் இப்போதே எடுத்து வைத்துக்கொள்ளுங்கள்.

அடுத்தது கோபேயில் இருக்கும் ஆசியப் பேரிடர் குறைப்பு மையம். 1998-ல் தொடங்கியது, இந்தியாவும் இலங்கையும் உறுப்பு நாடுகள். உறுப்பு நாட்டு அதிகாரிகளை வருகை ஆய்வாளர்களாக அழைத்துச் சில மாதங்கள் வைத்துக்கொள்கிறார்கள். பொறியாளராக இருந்தால் ட்சுகுபாவில் வெள்ளத்துக்கும் நிலநடுக்கத்துக்கும் தனித்தனியாக ஒரு வருடப் படிப்புகள் உண்டு. அரசு வேலையில் இல்லாதவர்கள் ஜப்பான் தூதரகம் வழியாக வரும் கல்வி உதவித்தொகையைப் பாருங்கள். செண்டாயில் தொஹொக்கு பல்கலைக்கழகம் பேரிடர் அறிவியலுக்கென்றே 2012-ல் ஒரு நிறுவனம் தொடங்கியிருக்கிறது.

வயது வரம்பு, பணி அனுபவம், ஆங்கிலத் தகுதி எல்லாம் பயிற்சிக்குப் பயிற்சி மாறும். ஒவ்வொரு பயிற்சிக்கும் வெளியிடும் தகவல் கையேட்டை முதல் பக்கத்திலிருந்து கடைசிப் பக்கம் வரை நீங்களே படியுங்கள், நண்பர் சொன்னதை நம்பிப் போகாதீர்கள்.

இரண்டாம் படி: பணி அறிக்கை

எல்லோரும் கோட்டை விடுகிற இடம் இது. உங்கள் வேலை என்ன, அதில் என்ன சிக்கல் என்று சில பக்கங்கள் எழுதச் சொல்வார்கள். உடனே "இந்தியா பல்வேறு இயற்கைப் பேரிடர்களுக்கு ஆளாகும் நாடு" என்று ஆரம்பித்து, மாநிலப் பேரிடர் திட்டத்திலிருந்து நாலு பக்கத்தை வெட்டி ஒட்டி அனுப்புகிறோம். படிக்கிறவருக்கு அது ஏற்கெனவே தெரியும்.

அதை விட்டுவிட்டு ஒரே ஒரு இடத்தை எடுங்கள். உதாரணமாக நாகப்பட்டினம் பக்கம் ஒரு கடலோரக் கிராமத்துப் புயல் பாதுகாப்புக் கட்டடம். அதன் சாவி யாரிடம்? இரவு இரண்டு மணிக்கு அவர் வெளியூரில் இருந்தால் யார் திறப்பார்? கழிப்பறைக்குத் தண்ணீர் ஏற்றும் மோட்டார் மின்சாரம் இல்லாமல் ஓடுமா? படுக்கையாகக் கிடக்கும் பாட்டியைத் தூக்கி வரப்போவது யார், அந்த ஆளுக்கு அது தெரியுமா? நேரில் போய்க் கேட்டு, கிடைத்த பதிலை அப்படியே எழுதுங்கள். "தெரியவில்லை" என்று பதில் வந்தால் அதையும் எழுதுங்கள். மொத்த அறிக்கையிலும் அந்த வரிதான் உங்களைத் தேர்ந்தெடுக்க வைக்கும், ஜப்பானில் நீங்கள் கேட்கப்போகிற கேள்வியும் அதிலிருந்துதான் வரும்.

மூன்றாம் படி: கொஞ்சம் வரலாறு

இரண்டு தேதிகள் மனப்பாடமாக இருக்கட்டும். 1995 ஜனவரி 17, அதிகாலை 5.46, கோபே நிலநடுக்கம், 6,434 பேர் இறந்தார்கள். இடிபாடுகளிலிருந்து உயிரோடு மீட்கப்பட்டவர்களில் பெரும்பாலோரை வெளியே இழுத்தது குடும்பத்தாரும் அக்கம்பக்கத்தாரும்தான். தெருவளவில் மக்களே பயிற்சி எடுக்கும் குழுக்களுக்கு அங்கே இவ்வளவு மரியாதை இருப்பதற்கு இதுவும் ஒரு காரணம். அடுத்தது 2011 மார்ச் 11, வடகிழக்கில் வந்த ஆழிப்பேரலை. நம் கடற்கரையை 2004-ல் அலை அடித்த மூன்றே வாரத்தில் கோபேயில் கூடிய ஐ.நா. மாநாட்டில், பேரிடர் இழப்பைக் குறைக்க நாடுகள் சேர்ந்து ஏற்ற ஹியோகோ செயல்திட்டம் வந்தது. அதன் தொடர்ச்சி 2015-ல் வந்த செண்டாய் செயல்திட்டம், 2030 வரைக்கும். வகுப்பில் இந்தப் பெயர்கள் ஓயாமல் வரும்.

நான்காம் படி: அங்கே எதைப் பார்ப்பது

டோக்கியோவுக்குப் பக்கத்தில் காசுகாபேயில் நிலத்தடியில் ஒரு வெள்ளநீர்த் தொட்டி இருக்கிறது, கோயில் மண்டபம் போல 59 தூண்கள் நிற்கும். ஆசை தீரப் படம் எடுத்துக்கொள்ளுங்கள். ஆனால் அதை உங்கள் ஒன்றியத்துக்குக் கொண்டுவர முடியாது என்பதும் ஞாபகம் இருக்கட்டும்.

வாய்ப்புக் கிடைத்தால் இஷினொமாகியில் ஒகாவா தொடக்கப் பள்ளிக்குப் போங்கள். அங்கே படித்த 108 குழந்தைகளில் 74 பேரையும் ஆசிரியர்கள் 10 பேரையும் 2011 ஆழிப்பேரலை கொண்டுபோய்விட்டது. நிலம் அதிர்ந்ததற்கும் அலை வந்ததற்கும் நடுவே சுமார் 50 நிமிடம் இருந்தது. பள்ளிக்குப் பின்னாலேயே குன்றும் இருந்தது. பெற்றோர் வழக்குப் போட்டு, பள்ளியும் நகர நிர்வாகமும் முன்கூட்டியே சரியாகத் தயாராகவில்லை என்ற தீர்ப்பு 2019-ல் உச்ச நீதிமன்றத்தில் உறுதியானது. பள்ளியின் அவசரக் கையேட்டில், ஒதுங்க வேண்டிய இடம் "அருகிலுள்ள காலி இடம், பூங்கா" என்ற அளவில்தான் எழுதியிருந்தது. எந்த இடம், எந்த வழி, யார் முடிவெடுப்பது, எதுவும் இல்லை. நம் திட்டங்களில் "மக்கள் பாதுகாப்பான இடத்துக்கு அப்புறப்படுத்தப்படுவர்" என்று எழுதுகிறோமே, அந்த வாக்கியத்தை மனதில் வைத்துக்கொண்டு அந்த முற்றத்தில் நில்லுங்கள். கட்டடம் எவ்வளவு உறுதி என்று விசாரிப்பதை விட, அந்த 50 நிமிடத்தில் யார் யாரிடம் என்ன கேட்டார்கள், கையேட்டை எப்போது கடைசியாகத் திருத்தினார்கள் என்று விசாரியுங்கள்.

அப்புறம், பேரிடர் முகாமை நடத்தப் பழக்கும் ஹக் என்ற சீட்டு விளையாட்டு. ஷிசுவோகா மாகாணம் 2007-ல் உருவாக்கியது. மேசையில் ஒரு பள்ளியின் வரைபடம், கையில் சீட்டுக் கட்டு. ஒவ்வொரு சீட்டிலும் முகாமுக்கு வந்து சேரும் ஓர் ஆள் அல்லது ஒரு பிரச்சினை. படிக்கிறவர் நிறுத்தாமல் படித்துக்கொண்டே போவார், நீங்கள் யோசித்து முடிப்பதற்குள் அடுத்த சீட்டு வந்துவிடும். சிறிது நேரத்திலேயே வாசலில் கூட்டம் நெரியும், நடைபாதை அடைபடும், நோயாளியைக் கழிப்பறைக்குத் தூரமாகப் போட்டிருப்பீர்கள். ஐந்து விரிவுரையில் கிடைக்காதது இதில் கிடைக்கும்.

சாப்பாடு பற்றி ஒரு வரி: சைவம் என்றால் கவனம், காய்கறிக் குழம்பு என்று தருவதிலும் மீன் சாறு இருக்கும். பருப்புப்பொடி காப்பாற்றும்.

நீங்களும் ஏதாவது கொண்டுபோக வேண்டும், வெறும் கையோடு உட்கார்ந்து கேட்க மட்டும் போகாதீர்கள். 2004-க்குப் பிறகு நம் மீனவர் பஞ்சாயத்துகள் நிவாரணத்தை எப்படிப் பங்கிட்டன என்று சொல்லுங்கள். இலங்கை மலையகத்துக்காரர் என்றால் 2014 மீரியபெத்தை மண்சரிவைச் சொல்லுங்கள்: எச்சரிக்கை முன்பே கொடுக்கப்பட்டிருந்தது, மக்கள் லயன்களிலேயேதான், அந்தத் தோட்டத் தொழிலாளர் வரிசை வீடுகளிலேயேதான் இருந்தார்கள்.

ஐந்தாம் படி: செயல்திட்டம்

கடைசி வாரத்தில் ஊர் திரும்பி என்ன செய்வீர்கள் என்று சமர்ப்பிக்கச் சொல்வார்கள். "மாநிலம் முழுவதும் முன்னெச்சரிக்கை அமைப்பு" என்று எழுதினால் கைதட்டுவார்கள், நடக்காது. உங்கள் கையெழுத்தில் முடிகிற காரியமாக எழுதுங்கள். பணம் ஒதுக்கத் தேவையில்லாததாக, வடகிழக்குப் பருவமழைக்கு முன்னால் முடிவதாக, ஒரு பள்ளி, ஒரு ஊராட்சி. கிளம்புமுன்பே மேலதிகாரியிடம் எழுத்தில் ஒப்புதல் வாங்கிவிடுங்கள், நீங்கள் திரும்புவதற்குள் அவருக்கு மாற்றல் வந்துவிடலாம்.

என்னைக் கேட்டால் அந்தச் சீட்டு விளையாட்டையே தமிழில் செய்யுங்கள். பழைய கல்யாணப் பத்திரிகைகளின் பின்பக்கம் போதும். நிறைமாதக் கர்ப்பிணி, நாலு ஆட்டோடு வரும் தாத்தா, சர்க்கரை மருந்தை வீட்டிலேயே விட்டு வந்தவர், ஒன்றாக உட்கார மறுக்கும் இரண்டு தெருக்காரர்கள், "அமைச்சர் பார்வையிட வருகிறார், கார்களை எங்கே நிறுத்துவது?" என்று எழுதிக்கொள்ளுங்கள். செப்டம்பரில் ஒரு சனிக்கிழமை, தலைமையாசிரியர், சத்துணவு அமைப்பாளர், ஊராட்சித் தலைவர், கிராம நிர்வாக அலுவலர், மின்வாரிய லைன்மேன் எல்லோரையும் பள்ளிக்கூடத்துக்கு அழைத்து, டீ சொல்லிவிட்டு, முதல் சீட்டைப் படியுங்கள்.