கயாக் ட்ரைசூட்டை ஸ்கூபாவுக்கு மாற்றியது எப்படி

என்னிடம் சும்மா கிடந்த ஒரு கயாக் ட்ரைசூட்டை, அதாவது உள்ளே தண்ணீர் புகாத முழு உடையைப் போட்டுக்கொண்டு, குளத்தில் நான்கு மீட்டர் இறங்கிப் பார்த்தேன். துணி உடம்போடு ஒட்டிக்கொண்டு தொடை மடிப்பில் நன்றாகக் கிள்ளியது. பத்து மீட்டருக்குப் போயிருந்தால் உள்ளே இருக்கும் காற்று பாதியாகச் சுருங்கியிருக்கும். கயாக் சூட்டில் அதை ஈடுகட்ட வழியே இல்லை. ஆக, இறங்கும்போது காற்றைச் சேர்க்க ஒரு வால்வு, ஏறும்போது விரியும் காற்றை வெளியேற்ற இன்னொன்று, இரண்டும் வேண்டும்.

வால்வுக்கு ஓட்டை வெட்டுவதற்கு முன் ஸிப்பையும், கழுத்திலும் மணிக்கட்டிலும் தண்ணீரைத் தடுக்கும் இறுக்கமான பட்டைகளான சீல்களையும் பாருங்கள். ஸிப் முழுக்க நீர் புகாத வகையாக இருக்க வேண்டும். சிறுநீர் கழிக்கும் ஸிப்பும் அப்படித்தான். கழுத்தில் லேட்டக்ஸ் (மெல்லிய ரப்பர்) சீல் இல்லாமல் தளர்வான நியோப்ரீன் (நுரை ரப்பர்) பட்டை இருந்தால் அந்த சூட்டை விட்டுவிடுங்கள்.

அப்புறம் இடம் குறிப்பது. நான் சொதப்பியது இங்கேதான். சூட்டை மேசைமேல் விரித்து, நெஞ்சின் நடுவில் அழகாக ஒரு வட்டம் போட்டு வெட்டிவிட்டேன். பிசிடியை (மிதப்பைக் கட்டுப்படுத்தும், காற்றடைக்கும் ஜாக்கெட்) மாட்டியதும் நெஞ்சுப் பட்டை சரியாக வால்வு பட்டன்மேல் உட்கார்ந்தது. அந்த ஓட்டையை அடைத்த ஒட்டு இன்றைக்கும் இருக்கிறது. உள்ளாடை, சூட், பிசிடி எல்லாவற்றையும் போட்டுக்கொண்டு, இன்னொருவரைக் குறிக்கச் சொல்லுங்கள். காற்றைச் சேர்க்கும் வால்வு நெஞ்சில், பட்டைகளிலிருந்து விலகி, இரு கையாலும் எட்டும்படி இருக்கட்டும். வெளியேற்றும் வால்வு இடது மேற்கையின் வெளிப்புறத்தில். முழங்கையைத் தூக்கினால் அதுதான் சூட்டின் உச்சிப் புள்ளியாக வேண்டும், காற்று மேலேதானே போகும்.

துணி மெல்லியது. வால்வு உட்காரும் இடத்தில் உள்ளும் புறமும் உறுதியான துணி வட்டம் ஒட்டி, பசை முழுதாகக் காய்ந்த பிறகே வெட்டுங்கள். ஒட்டும் முன் ஆல்கஹாலால் துடைப்பது முக்கியம். ஓட்டையைச் சிறிதாகவே வெட்டி, வால்வின் கழுத்து இறுக்கமாக நுழையும் அளவுக்குக் கொஞ்சம் கொஞ்சமாகப் பெரிதாக்குங்கள். பெரிதாகிவிட்டால் திரும்ப வழியில்லை. முழங்காலிலும் ஒரு ஒட்டு போட்டுவிடுங்கள், பாறையில் உரசினால் முதலில் போவது அதுதான்.

அடுத்து கசிவு பார்ப்பது. சூட்டின் கால்களை மடித்துக் கட்டி, மணிக்கட்டில் பாட்டிலும் கழுத்தில் பந்தும் செருகி, காற்றடைத்து, சோப்புத் தண்ணீர் தடவுங்கள். குமிழி வரும் இடமெல்லாம் கசிவு.

காற்றைச் சேர்க்கும் வால்வுக்குப் பொருந்தும் ஹோஸை, சிலிண்டரின் அழுத்தத்தைக் குறைக்கும் ஃபர்ஸ்ட் ஸ்டேஜின் லோ பிரஷர் போர்ட்டில் (குறைந்த அழுத்தக் காற்று வரும் துளை) மாட்டுங்கள். கயாக் சூட் துடுப்பு போடத் தொளதொளவென்று தைத்தது. காற்று காலுக்கு ஓடினால் தலைகீழாக மேலே போய்விடுவீர்கள். கணுக்காலில் இறுக்கமான பட்டை கட்டுங்கள், துணிக் காலுறைமேல் கெட்டியான பூட் போடுங்கள்.

ட்ரைசூட் பயிற்சி இல்லாதவர் இதைச் செய்ய வேண்டாம் என்பேன். காற்று வால்வு திறந்தபடி சிக்கினால் ஹோஸைக் கழற்றுவதும், தலைகீழானால் உருண்டு நிமிர்வதும் ஆழமில்லாத இடத்தில், ஆசிரியர் பக்கத்தில் இருக்கும்போது பழக வேண்டியவை. மூழ்குவதற்குக் கட்டும் எடையும் கூடுதலாக வேண்டியிருக்கும். எனக்குச் சரியான அளவு பிடிபட மூன்று தடவை குளத்தில் இறங்க வேண்டியிருந்தது.