தரவு தேடி அலைவதற்கு முன் ஒரு போலித் திகதி

வேறுபாடுகளின் வேறுபாடு முறையால் (கொள்கை தொட்ட குழுவில் முன்னும் பின்னும் ஏற்பட்ட மாற்றத்தை, அது தொடாத ஒப்பீட்டுக் குழுவின் மாற்றத்துடன் ஒப்பிடும் முறை) ஒரு கொள்கையின் விளைவை மதிப்பிட எண்ணுபவர்கள், பிந்தைய தரவைத் தேடித் தோட்டம் தோட்டமாக ஏறி இறங்குவதற்கு முன், கையிலுள்ள முந்தைய தரவில் ஒரு போலித் திகதியைக் கொள்கை தொடங்கிய நாளாக வைத்துக் கணக்கிட்டுப் பார்க்கலாம். இலங்கையில் 2021 மார்ச்சில் பெருந்தோட்டத் தொழிலாளரின் நாட்சம்பளம் 1000 ரூபாயாக்கப்பட்டதால் வேலைநாட்கள் குறைந்தனவா என்று அறிய, நுவரெலியாவின் கம்பனித் தோட்டங்களைச் சிறுதோட்டங்களுடன் ஒப்பிடுவதாக வைத்துக்கொள்வோம். தோட்டக் கம்பனிகளும் தொழிற்சங்கங்களும் செய்த கூட்டு ஒப்பந்தம் 2016இலும் 2019இலும் சம்பளத்தை மாற்றியது. ஆகவே போலித் திகதி இவ்விரண்டுக்கும் இடையில் விழ வேண்டும், அந்த மாற்றங்கள் கணக்கில் கலந்துவிடவும் கூடாது.

கொள்கை வராதிருந்தால் இரு தரப்பும் ஒரே போக்கில் சென்றிருக்கும் என்பதே இம்முறையின் அடிப்படை. எதுவும் நடக்காத காலத்திலும் 'விளைவு' தெரிந்தால், ஒப்பீட்டுக் குழு பொருத்தமற்றது என்பது பஸ் செலவின்றியே தெரிந்துவிடும். ஆயினும் பூச்சியத்துக்கு அருகில் விடை வந்தாலே போதும் என்று எண்ணிவிடக் கூடாது. சில மாதத் தரவு மட்டும் இருந்தால் நம்பிக்கை இடைவெளி (உண்மையான விடை இருக்கக்கூடிய வீச்சு) மிக அகலமாகி, உண்மையான வேறுபாட்டையும் மறைத்துவிடும்.

2021 மே மாதத்து இரசாயன உர இறக்குமதித் தடை போல, நாடு முழுவதையும் ஒரே நேரத்தில் தொட்ட கொள்கைக்கு ஒப்பீட்டுக் குழுவே இல்லாததால் இந்தச் சோதனை உதவாது. சம்பள உயர்வுக்குப் பின் இரண்டு மாதங்களில் வந்த அத்தடை இரு தரப்பையும் வெவ்வேறு அளவில் பாதித்திருந்தால், அதையும் முந்தைய தரவு காட்டாது.