சர்வர் மாத்தினதும் பழைய மெயில் காணோமா? மீட்டெடுக்குறது எப்படி

புது சர்வருக்கு மாறி மெயிலைத் திறந்தா இன்பாக்ஸ் காலியா இருக்கா? அக்கவுண்டை டெலிட் பண்ணிட்டு திரும்ப சேர்த்தா சரியாயிடும்னு தோணும். தயவுசெஞ்சு அதை மட்டும் பண்ணாதீங்க, பழைய மெயிலோட காப்பி உங்க கம்ப்யூட்டர்லயே இருக்கலாம், அக்கவுண்டை எடுத்தா அதுவும் சேர்ந்து போயிடலாம்.

ஏன் இப்படி ஆகுதுன்னா, ஐமேப்ல (மெயிலை சர்வர்லயே வச்சு நம்ம கம்ப்யூட்டர்ல காட்டுற முறை) சர்வர்ல என்ன இருக்கோ அதுதான் இங்கயும் தெரியும். எம்எக்ஸ் ரெக்கார்டை (உங்க டொமைனுக்கு வர்ற மெயில் எந்த சர்வருக்குப் போகணும்னு சொல்ற செட்டிங்) மாத்தினா இனிமே வர்ற மெயில்தான் புது இடத்துக்கு வரும், பழசை நாமதான் கொண்டு வரணும்.

முதல்ல நெட்டை ஆஃப் பண்ணுங்க. நீங்க மெயில் பாக்குற ஆப் தண்டர்பேர்டா இருந்தா ஹெல்ப் மெனுவுல ட்ரபிள்ஷூட்டிங் இன்ஃபர்மேஷன் போனா புரொஃபைல் ஃபோல்டர் (மெயிலும் செட்டிங்கும் இருக்குற இடம்) எங்க இருக்குன்னு காட்டும், அதைத் திறந்து வச்சுட்டு தண்டர்பேர்டை மூடிட்டு, மொத்த ஃபோல்டரையும் வேற டிரைவுக்கு காப்பி பண்ணிடுங்க. சர்வர் மாத்தின அப்புறம் ஆன் பண்ணாத பழைய லேப்டாப் ஏதாவது இருந்தா இன்னும் நல்லது, அதையும் நெட் இல்லாம திறங்க.

அடுத்து, நெட்டை திரும்ப ஆன் பண்ணி, பழைய சர்வர் உயிரோட இருக்கான்னு பாருங்க. பிளான் முடியுற வரைக்கும் மெயில் பெரும்பாலும் அங்கயே தான் கிடக்கும். பழைய ஹோஸ்டிங்காரங்ககிட்ட சர்வர் பேரு கேட்டு வாங்கி (உங்க டொமைன் பேர போட்டா அது புது சர்வருக்குத் தான் போகும்), அதை இரண்டாவது அக்கவுண்டா சேருங்க, ஐமேப், போர்ட் 993, எஸ்எஸ்எல், பழைய பாஸ்வேர்டு. இப்போ இடது பக்கம் ரெண்டு அக்கவுண்டும் தெரியும். பழசுல கொஞ்சம் கொஞ்சமா செலக்ட் பண்ணி புதுசுக்கு காப்பி பண்ணுங்க, மூவ் வேண்டாம், நடுவுல கனெக்‌ஷன் போனாலும் பழசு அப்படியே இருக்கணும்ல.

சென்ட் ஃபோல்டரை மறக்காதீங்க. நான் ஒரு தடவை இன்பாக்ஸை மட்டும் எடுத்துட்டு பழைய சர்வரை மூடிட்டேன், நான் எழுதின பதில் ஒண்ணு கூட திரும்பக் கிடைக்கல, இன்னைக்கும் அது வருத்தம்தான். ஒரு சர்வர்ல சென்ட்னு இருக்குறது இன்னொண்ணுல சென்ட் ஐட்டம்ஸ்னு இருக்கும், அதனால ஒவ்வொரு ஃபோல்டரா திறந்து பாருங்க. மெயில் ரொம்ப அதிகம்னா ஐமேப்சிங்க்னு ஒரு டூல் இருக்கு, ஒரு சர்வர்ல இருந்து இன்னொண்ணுக்கு நேரா காப்பி பண்ணும், பாதில நின்னா திரும்ப ஓட்டலாம், ஏற்கனவே போன மெயிலை மறுபடி போடாது.

பழைய சர்வரே போயிடுச்சா? எடுத்து வச்ச காப்பில ஐமேப்மெயில் ஃபோல்டருக்குள்ள இன்பாக்ஸ்னு எக்ஸ்டென்ஷன் இல்லாத ஃபைல் இருக்கும், இன்பாக்ஸ் மெயில் எல்லாம் அதுலதான், சென்ட் மாதிரி மத்த ஃபோல்டருக்கு தனித்தனி ஃபைல் இருக்கும் (எம்எஸ்எஃப்னு முடியுறது வெறும் இண்டெக்ஸ், அது தேவையில்ல). சைஸ் பாருங்க, நல்லா பெருசா இருந்தா நம்பிக்கை இருக்கு. தண்டர்பேர்டை மூடிட்டு அந்த ஃபைலுக்கு வேற பேரு வச்சு, இப்போ ஓடுற புரொஃபைல்ல இருக்குற லோக்கல் ஃபோல்டர்ஸுக்குள்ள போடுங்க, திரும்ப திறந்தா அது ஒரு ஃபோல்டரா வந்து நிக்கும், அங்கேருந்து புது அக்கவுண்டுக்கு காப்பி.

அவுட்லுக்னா நெட் இல்லாமலே திறந்து பிஎஸ்டி ஃபைலா (வேற கம்ப்யூட்டர்லயும் திறக்கக்கூடிய அவுட்லுக் ஃபைல்) எக்ஸ்போர்ட் பண்ணுங்க, ஓஎஸ்டி ஃபைலை (அவுட்லுக் தனக்குன்னு வச்சுக்குற சர்வர் காப்பி) மட்டும் தூக்கிட்டு போய் வேற கம்ப்யூட்டர்ல திறக்க முடியாது.

ஒவ்வொரு ஃபோல்டர்லயும் ரெண்டு பக்கமும் எண்ணிக்கை ஒத்துப்போகுதா பாருங்க, ரொம்ப பழைய மெயில் நாலஞ்சை அட்டாச்மெண்டோட திறந்து பாருங்க, அதுக்கு அப்புறம் பழைய ஹோஸ்டிங்கை கேன்சல் பண்ணிக்கலாம்.