'பைசைக்கிள் தீவ்ஸ்' (சைக்கிள் திருடர்கள்) படத்தை முதல் முறை எப்படிப் பார்ப்பது?

விட்டோரியோ டி சிகா 1948-இல் எடுத்த இந்த இத்தாலியப் படம் ஒன்றரை மணி நேரம்தான். போனை வேறு அறையில் வைத்துவிட்டு ஒரே மூச்சில் பாருங்கள். நான் முதல் தடவை இரண்டு இரவாகப் பிரித்துப் பார்த்தேன். மறுநாள் அந்தப் பதைப்பு விட்டுப்போயிருந்தது.

கதை இவ்வளவு தெரிந்தால் போதும்: போர் முடிந்த ரோம் நகரம். அந்தோனியோவுக்குப் போஸ்டர் ஒட்டும் வேலை கிடைக்கிறது, ஆனால் சைக்கிள் வேண்டும். அது அடகில் இருக்கிறது.

அடகுக் காட்சியில் கண்ணை எடுக்காதீர்கள். மனைவி மரியா கட்டில் விரிப்புகளை உருவி, மூட்டை கட்டிக் கொண்டுபோகிறாள். சைக்கிள் மீண்டுவிடுகிறது. அப்புறம் அந்த மூட்டையை வைக்க ஒரு ஆள் அலமாரியில் ஏறுகிறான், ஏறிக்கொண்டே இருக்கிறான். உச்சி வரை அதே போன்ற துணி மூட்டைகள். எத்தனை வீட்டுப் படுக்கைகள்! நான் அந்த இடத்தை மூன்று முறை திருப்பிப் பார்த்தேன்.

சப்டைட்டிலை வேகமாகப் படித்துவிட்டு முகங்களுக்குத் திரும்புங்கள். அந்தோனியோவாக வரும் லம்பெர்த்தோ மஜ்ஜொரானி நிஜத்தில் ஆலைத் தொழிலாளி. அந்த நடையை யாரும் சொல்லிக்கொடுத்திருக்க முடியாது. முடிந்தால் இரண்டாம் முறை, அந்தோனியோவின் சிறு மகன் புரூனோவை மட்டும் கவனியுங்கள். ஓட்டலில் பக்கத்து மேசைப் பணக்காரப் பையனை அவன் எப்படிப் பார்க்கிறான் பாருங்கள்.

பிள்ளைகளோடு பார்த்தால், முடிந்ததும் விளக்கம் சொல்ல அவசரப்பட வேண்டாம். என் மகள் வெகுநேரம் பேசவே இல்லை. படுக்கப் போகும்போதுதான் கேட்டாள்: "நாளைக்கு அவர் வேலைக்கு எப்படிப் போவார்?"